கிடைக்கும் முன் ஒரு பட்டியல், கிடைத்த பின் ஒரு தவணை

நல்லூர்ப் பிரதேசத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979 ஜனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகம். கந்தசுவாமி கோயிலடியிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆனால் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த நல்லூர்ப் பிள்ளை அந்த வாசலில் போய் இடம் கேட்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகமும் தானாக அவரை அழைக்க முடியாது. விண்ணப்பம் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகிறது. பல மாதங்களின் பின், ஒரு பாடநெறி, ஒரு பல்கலைக்கழகம் என்று ஒற்றைப் பதில் வருகிறது. பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் அதே நிலையிலுள்ள பிள்ளையின் கையில் ஒரே வேளையில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் அந்த வீட்டில் ஜூன், ஜூலை மாதப் பேச்சு. இதைப் பார்ப்பவர்கள் இந்தியப் பிள்ளைக்குத் தெரிவுச் சுதந்திரம் உண்டு, எங்கள் பிள்ளைக்கு இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. இடம் கிடைத்த பிறகு தெரிவு செய்யும் உரிமை, இந்தியாவில் இன்று நடைமுறையிலுள்ள வடிவில், பெரும்பாலும் முன்பணம் கட்டி வாங்கப்படுகிற உரிமை. கையில் காசில்லாத பிள்ளைக்கு இலங்கையின் ஒற்றைப் பட்டியல் அதைவிட நியாயமானது. அந்தப் பட்டியலின் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன: எழுதிய வரிசையைப் பிள்ளையிடம் யாரும் மறுபடி கேட்டு உறுதிசெய்வதில்லை, பதிலும் மிகப் பிந்தி வருகிறது.

இலங்கை முறையை முதலில் பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழுவே அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி இடங்களை ஒரே மேசையில் வைத்துப் பங்கிடுகிறது. உயர்தரத்தின் மூன்று பாடங்களுக்குமான இசற் புள்ளியும் மாவட்ட நிலையும் தீவு நிலையும் வெளிவந்த பிறகு, மாணவர் கைந்நூலைப் பார்த்துத் தன் தெரிவுகளை வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு தெரிவிலும் பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே இருக்கும். கொழும்பு மருத்துவம் ஒரு குறியீடு, யாழ்ப்பாண மருத்துவம் இன்னொரு குறியீடு. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே இடம் உண்டு. ஆகவே யாழ்ப்பாணத்தில் “கம்பஸ் கிடைச்சிட்டுது” என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தக் கம்பஸ், ஏன் அது என்ற கேள்வி இரண்டாம் பட்சம்.

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளர முறையை 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது. நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. பிளஸ் டூ கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் 50, 50க்குமாகக் குறுக்கப்பட்டு, 200க்கு ஒரு கட் ஆஃப் கணக்கிடப்படுகிறது. இடங்களில் 69 சதவீதம் சமூக இட ஒதுக்கீடு; 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடும் உண்டு, அவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முன்பு தரவரிசைப்படி பெற்றோரும் பிள்ளையும் சென்னை கிண்டியிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து, திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்து, சில நிமிடங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரவு பஸ்ஸில் கிராமத்திலிருந்து வந்தவருக்கு அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பதற்றமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2018 முதல் எல்லாம் இணையவழி. மாணவர் விருப்பப் பட்டியலை நிரப்புகிறார். கணினி ஒரு தற்காலிக ஒதுக்கீட்டைத் தருகிறது. இரண்டு நாட்களுக்குள் அதை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பதா, அடுத்த சுற்றுக்குப் போவதா, விலகிவிடுவதா என்று சொல்ல வேண்டும். நேரில் பார்த்துப் பொறுக்கும் முறையைக் கைவிட்டு, தமிழ்நாடும் முன்கூட்டியே எழுதும் பட்டியலுக்கு வந்துவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இலங்கையில் இல்லாத ஒன்றை மட்டும் அது பட்டியலின் முடிவில் சேர்த்துக்கொண்டது: பதிலுக்குப் பதில் சொல்லும் இரண்டு நாள் தவணை.

இரண்டு நாட்டிலும் பட்டியலுக்குள் கணினி செய்வது ஒன்றுதான். அதிக புள்ளி எடுத்தவரை முதலில் எடுத்து, அவர் எழுதியவற்றில் இடமுள்ள முதலாவதைக் கொடுக்கிறது, பிறகு அடுத்தவர். கைக்கு எட்டாத ஒன்றை முதலாவதாக எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை. அது கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும். அதற்குள் குறைந்த புள்ளிக்காரர் யாரும் அவருக்கு முன்னால் நுழைந்துவிட முடியாது. டேவிட் கேலும் லொயிட் ஷாப்லியும் 1962இல் கல்லூரி அனுமதி பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இத்தகைய பங்கீடுகளை ஆராயும் ஒரு துறையே வளர்ந்தது. 2012இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ரோத்துக்கும் பொருளியல் நோபல் பரிசும் வந்தது. உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுபவர் தோற்காத முறை எது என்பது அந்தத் துறையின் மையக் கேள்விகளில் ஒன்று. இலங்கையின் பட்டியல் அந்தச் சோதனையில் தேறக்கூடியது. ஆனால் அதை நிரப்பும் விதம் தேறுவதில்லை. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிகளை மேலிருந்து கீழாகப் படியெடுத்து, அதையே தன் விருப்பம் என்று எழுதுவது இங்கே பெருவழக்கு. பொறியியலா, மொறட்டுவை முதலில், பேராதனை அடுத்து, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பொறியியற் பீடம் அதற்கும் கீழே. மருத்துவமா, கொழும்பு முதலில். வெட்டுப்புள்ளி ஒரு பீடத்தின் தரத்தை அளக்கும் கருவியல்ல. அதற்கு முந்திய ஆண்டு பிள்ளைகள் எதை மேலே எழுதினார்கள் என்பதன் எச்சம் அது. அவர்களும் தங்களுக்கு முந்தியவர்களைப் பார்த்தே எழுதினார்கள். ரியூட்டரியிலோ பாடசாலையிலோ யாராவது ஒருவர் இதைப் பிள்ளையோடு இருந்து ஒரு பொழுது பேசினால் போதும். பெரும்பாலும் பேசுவதில்லை. மூன்று பாடத்துக்கு இரண்டு மூன்று வருடம் வகுப்பு வைக்கும் ஊரில் இந்த ஒரு தாளுக்கு வகுப்பில்லாதது விசித்திரம்தான்.

உதாரணமாக ஒரு மாணவிக்கு யாழ்ப்பாண மருத்துவமும் கொழும்பு மருத்துவமும் இரண்டும் எட்டக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து போய்வரலாம், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் தன் மொழி பேசும் நோயாளர்களோடு பழகலாம். அல்லது 400 கிலோமீற்றர் தள்ளிப் போய், அறை வாடகை கொடுத்து, சிங்களம் பேசப் பழகி, நாட்டின் மிகப் பெரிய வைத்தியசாலையில் பயிலலாம். இரண்டுக்கும் நல்ல காரணங்கள் உண்டு. படித்து முடித்தால் பட்டத்தின் சட்டப் பெறுமதியில் வேறுபாடில்லை. 1990களில் ஏ9 வீதி மூடிக் கிடந்தபோதும், 2006இல் அது மறுபடி மூடப்பட்டபோதும் இந்தக் கேள்விக்குப் போர்தான் பதில் சொல்லியது. இப்போது பாதை திறந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் மாணவிதான். ஆனால் அவர் அதைச் சொல்வது ஒரேயொரு தடவை, விண்ணப்பத் தாளில், பெறுபேறு வந்த பரபரப்புக்குள். காலியிடங்களை நிரப்பும்போது பட்டியலில் மேலே எழுதியதற்கு நகரும் வழி இலங்கையிலும் இருக்கிறது. எனினும் அதன் காலமும் கட்டமும் மாணவர் கையில் இல்லை.

இனி இந்தியப் பிள்ளையின் கையிலுள்ள அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு வருவோம். ஒற்றைச் சாளரம் என்ற பெயர் இருந்தாலும் சாளரங்கள் பல. ஐ.ஐ.டி.களுக்கும் திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கும் மத்தியக் கலந்தாய்வு தனி, மருத்துவத்துக்கு நீட் வழியாகத் தனி, வேலூர் வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நுழைவுத் தேர்வை வைத்து, மாநிலக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே இடம் தந்துவிடுகின்றன. ஒரு சாளரத்துக்கு மற்றச் சாளரத்தில் நடப்பது தெரியாது. வசதியுள்ள குடும்பம் முதலில் வந்த தனியார் இடத்துக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கட்டி வைத்துக்கொண்டு, கிண்டிப் பொறியியல் கல்லூரி கிடைக்குமா, கோவை பி.எஸ்.ஜி. கிடைக்குமா என்று நிதானமாகக் காத்திருக்கிறது. கிடைத்தால் முன்னதை விட்டுவிடும். கட்டிய பணத்தை மீட்பது எவ்வளவு பெரிய பிரச்சினையாக வளர்ந்தது என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரவும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்காமல் இருக்கவும் 2018இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பித் தரும் விதி நல்ல விதிதான். ஆனால் திரும்பி வரும் வரையில் அந்தத் தொகையைப் புரட்டி வைக்கக்கூடியவருக்குத்தான் அந்த விதி பயன்படும். கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு மாநிலக் கலந்தாய்வு ஒன்றே வழி. அவருக்குள்ள தெரிவு நல்லூர்ப் பிள்ளைக்குள்ள தெரிவைப் போன்றதே: எழுதிய பட்டியல், அதில் கிடைத்த ஒன்று.

இன்னொரு செலவும் இருக்கிறது, அது கண்ணில் படுவதில்லை. ஒருவர் பிடித்து வைத்திருக்கும் இடம் இன்னொருவருக்குப் போகாத இடம். நல்ல கல்லூரியில் இடம் எடுத்தவர் மருத்துவம் கிடைத்ததும் போய்விட, அந்த இடம் வெறுமையாகவே நாலு வருடம் கிடந்த நிலை தமிழ்நாட்டில் நெடுநாள் இருந்தது. இதற்காகத்தான் 2022இல் விதி இறுக்கப்பட்டது: ஒதுக்கீட்டை உறுதிசெய்தவர் குறித்த சில நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் அந்த இடம் மேலே போகக் காத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடப்படும். இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும் மாணவருக்கு ஐந்து இடங்களிலிருந்துகூட அழைப்பு வரலாம். அவர் பிடித்து வைக்கக்கூடியது இரண்டைத்தான், ஒன்று உறுதியான தெரிவு, மற்றது காப்புத் தெரிவு. தெரிவுச் சுதந்திரத்துக்குப் பேர்போன நாடும் அதற்கு வரம்பு கட்டியே வைத்திருக்கிறது.

ஒற்றைப் பட்டியலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது போட்டி பற்றியது. மாணவர் மறுத்துவிட்டுப் போகலாம் என்றால்தான் கல்லூரி தன்னைத் திருத்திக்கொள்ளும். மறுக்கவே முடியாத மாணவர்களை ஆணைக்குழு அனுப்பிக்கொண்டிருந்தால் பல்கலைக்கழகம் எதற்காகத் திருந்த வேண்டும்? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளில் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் நிரம்பாமல் போயின; மாணவர் வராத பிரிவுகளைக் கல்லூரிகள் மூடின, சில கல்லூரிகளே மூடப்பட்டன. அது மாணவர்கள் காலால் போட்ட வாக்கு. யாழ்ப்பாணத் திருநெல்வேலிக்கு அப்படியொரு வாக்கு எப்போதும் வந்து சேர்வதில்லை. தெற்கிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் அதை எத்தனையாவது தெரிவாக எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் பொதுவெளியில் பேசக் கேட்டதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் போட்டி என்ன விளைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆய்வுகூடத்தை விட, நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையும் வேலைவாய்ப்பு பற்றிய பெரிய எழுத்தும் சீக்கிரம் வளர்ந்தன. கல்லூரி சொல்வதைச் சரிபார்க்கத் தெரிந்த வீடு இதில் தப்பிவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் வீடு தப்பாது. தெரிவைக் கடைசி வாரத்தில் வைத்தால் விளம்பரம்தான் கடைசியில் பேசும்.

பத்தொன்பது வயதில் தனக்கு எது பொருந்தும் என்று யாருக்குத் தெரியும், ஆகவே தெரிவை எவ்வளவு பிந்திச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது இன்னொரு வாதம். இதில் நான் முழுக்க உடன்படுகிறேன். உடன்பட்ட பிறகு பார்த்தால் இலங்கையே இங்கு முன்னால் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறியியலுக்குச் சேரும் மாணவர்களில் பெரும்பாலானோர் முதலில் பொதுப் பாடங்களைப் படித்து, பிறகே பெறுபேறும் விருப்பமும் பார்த்துக் குடிசாரா, மின்னா, இயந்திரமா என்று பிரிகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளையோ பதினேழு வயதில், கலந்தாய்வுப் பட்டியலிலேயே, கல்லூரியையும் பிரிவையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். கிண்டியில் சிவில் எடுப்பதா, பெயர் தெரியாத ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதா என்று ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் அந்தப் பெரிய விவாதம், இரண்டு தனிக் கேள்விகளை ஒரே வரியில் எழுதச் சொன்னதால் பிறந்த விவாதம். கிடைத்த பின் இரண்டு நாள் தவணை உண்டு, சரி. படித்துப் பார்த்த பின் தெரிவு செய்யும் வசதி அங்கே குறைவு.

யாழ்ப்பாண வாசகர் ஒருவருக்கு வேறொரு மறுப்பு எழும், அதைத் தாண்டிப் போக முடியாது. கொழும்பிலிருக்கும் ஒரு மேசையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு இருக்கச் சொல்கிறீர்களா? 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தபோது சிங்கள மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. அந்தக் காயம் பின்னால் எங்கு கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும் முல்லைத்தீவு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் யாழ்ப்பாண வீடுகளில் முணுமுணுப்பைக் கிளப்புகிறது. அதே தூரம் முல்லைத்தீவில் வேறு விதமாகப் பேசப்படுகிறது என்பதையும் யாழ்ப்பாணத்தார் நினைத்துப் பார்ப்பது நல்லது. ஆயினும் அந்த அநீதி நடந்தது புள்ளியை எடைபோட்ட இடத்தில். மாணவர் தன் விருப்பத்தை வரிசைப்படுத்திய இடத்தில் அது நடக்கவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே அனுமதி கொடுத்திருந்தால் அது நடந்திராது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஒரே மேசை என்பதால்தான் வெட்டுப்புள்ளிகள் அச்சில் வருகின்றன, அச்சில் வருவதால்தான் எதிர்த்துப் பேச முடிகிறது.

என் கருத்தில் இலங்கை முறையை உண்மையாகவே உளுத்துப்போகச் செய்வது காலதாமதம். தமிழ்நாட்டில் மே மாதம் பெறுபேறு வந்தால் செப்டெம்பருக்குள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார். இலங்கையின் 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை தொடங்கியதே 2023 ஜனவரியில். பெறுபேறு, விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் மாதங்கள் போகின்றன. இந்தக் காத்திருப்புக்குள்தான், ஆணைக்குழுவின் பட்டியலுக்கு வெளியே, இன்னொரு தெரிவு நடக்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் உறவினர் உள்ள வீடு மாணவர் விசாவுக்கு அலுவல் பார்க்கத் தொடங்குகிறது; கொஞ்சம் வசதியுள்ள வீடு தனியார் நிறுவனத்தில் கட்டணம் கட்டிச் சேர்த்துவிடுகிறது. ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளை காத்திருக்கிறார். பிறகு பல்கலைக்கழக இடம் வரும்போது, போனவர்கள் வர மாட்டார்கள். அவர்களின் இடங்கள் வெற்றிடங்களாகி, விரிவுரைகள் நடந்துகொண்டிருக்கும்போது பிந்தி வருபவர்களால் நிரம்புகின்றன. ஆகவே கிடைத்த பின் தெரிவு செய்யும் வழக்கம் நல்லூரிலும் இருக்கிறது, இந்தியாவைப் போலவே அதுவும் காசுள்ள வீடுகளில்தான் இருக்கிறது. வேறுபாடு, இந்தியாவில் அது கணக்கில் வருகிறது, இங்கே வருவதில்லை.

இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அந்தச் சிறு தவணை ஒன்றே. வெட்டுப்புள்ளி வெளிவந்ததும், தெரிவானவர் ஒவ்வொருவரிடமும் ஆணைக்குழு இணையவழியாக மூன்று கேள்வி கேட்கட்டும்: இதை ஏற்கிறீர்களா, ஏற்றபடியே மேலே எழுதியதற்குக் காத்திருக்கிறீர்களா, வேண்டாம் என்று விடுகிறீர்களா. ஒரு வாரம் போதும், இரண்டு நாள் போதாது. நெடுந்தீவிலும் மருதங்கேணியிலும் இருக்கும் பிள்ளை வீட்டாரோடு பேசவும் ஒரு ஆசிரியரைக் கண்டு கேட்கவும் நேரம் வேண்டும். பணம் கேட்கக் கூடாது. விடப்பட்ட இடங்களைக் கொண்டு கணினி இரண்டாம் சுற்றை, விரிவுரைகள் தொடங்கும் முன்பே, நடத்திவிடலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை; புள்ளியும் பட்டியலும் ஏற்கெனவே அதே கணினியில் கிடக்கின்றன. வேண்டாம் என்பவரிடம் காரணத்தையும் ஒரு வரியில் கேட்டு, அதை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். விடுதி இல்லை, பகிடிவதைக்குப் பயம், பாடநெறி முடிய நாலு வருடத்துக்குப் பதில் ஆறு வருடம் ஆகும் என்று கேள்விப்பட்டேன், வெளிநாடு போகிறேன் என்று எது வந்தாலும், திருநெல்வேலியில் இருக்கும் பீடாதிபதிகள் முதல் தடவையாக எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு தாள் அவர்கள் மேசைக்கு வரும்.